ஓக் பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்: ருசி பிசகினால் எங்கே தேடுவது

எங்கள் வீட்டுக்கு வரும் ஓக் ஸ்டவுட் போத்தல்கள் எல்லாம் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரின் சூட்கேசுக்குள், சேட்டுகளில் சுற்றப்பட்டுத்தான் வருகின்றன. கட்டுநாயக்காவில் இறங்கி, வானின் பின்பக்கத்தில் ஆறேழு மணித்தியாலம் வெக்கையில் கிடந்து கிளிநொச்சிக்கு வந்து சேரும். வந்த அன்றைக்கே ஐஸ் பெட்டிக்குள் புதைத்து, நண்டுக் கறி சாப்பிட்ட வாயோடு திறப்போம். ஒரு வாய் குடித்ததும் யாராவது ஒருவர் "இது பழுதாப் போச்சு" என்று கிளாஸை வைத்துவிடுவார். அப்படி வைத்த கிளாஸ்களில் பாதிக்கு மேல் நல்ல பியர்தான் இருந்தது. அதை ஊற்றிவிட்டோமே என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் குறை தெரிந்தாலும் ஒரே ஒழுங்கில் தேடுங்கள். முதலில் கிளாஸும் குளிரும். பிறகு நீங்கள் இருக்கும் இடமும் உங்கள் வாயும். அதற்குப் பிறகு போத்தல் வந்த வழி. பீப்பாயும் காய்ச்சியவரும் கடைசியாகத்தான். முதல் இரண்டையும் அரை மணித்தியாலத்தில் நீங்களே சரிசெய்துவிடலாம். மற்றதை இனங்காண மட்டுந்தான் முடியும்.

குறை கண்டுபிடிக்க முன்னர் சரியானது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். இம்பீரியல் ஸ்டவுட், 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் காய்ச்சி ரஷ்யாவுக்குக் கப்பலேறிய கனத்த கறுப்பு பியரின் வழி வந்தது. மதுசாரம் பொதுவாக 8 முதல் 12 வீதம். பீப்பாயில் கிடந்தவை அதையும் தாண்டும். பீப்பாய் பெரும்பாலும் பேர்பன் விஸ்கி இருந்தது. உட்புறம் கருக்கிய புது ஓக்கில்தான் பேர்பனை முதிர வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பாவித்த பீப்பாய் மறுபடி பேர்பனுக்கு ஆகாது. ஏறக்குறைய 200 லீற்றர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்களைத்தான் பியர் காய்ச்சுபவர்கள் வாங்குகிறார்கள். 1990களில் இதைப் பெரிதாகப் பரப்பியது சிகாகோவில் பியர் காய்ச்சும் கூஸ் ஐலண்ட் நிறுவனம். கிளாஸில் அடியில் வறுத்த கோப்பி, கசப்புச் சொக்லேட், பனங்கட்டிப் பாணி, பேரீச்சம்பழம் இருக்க வேண்டும். அதன் மேல் மரம் தந்த வனிலா, தேங்காய், கருகிய சீனி, கொஞ்சம் விஸ்கிச் சூடு.

எது ஸ்டவுட், எது மரம் என்று பிரித்தறிய நமக்கு ஒரு நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது. நம் நாட்டு லயன் ஸ்டவுட் 8.8 வீதம். மரம் படாதது. அதில் இரண்டு விரலளவு இன்னொரு கிளாஸில் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். மாறி மாறி மணந்து பாருங்கள். வறுத்த மணம் இரண்டிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் மிஞ்சி நிற்பதே பீப்பாய். எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு விரைவாகக் கற்றுத் தராது.

மணமே இல்லை, கசப்பும் குளிரும் மட்டும்

மிகக் குளிராகத் திறந்துவிட்டீர்கள், வேறொன்றுமில்லை. ஐஸ் பெட்டிக்குள் கிடந்த போத்தல் 2, 3 பாகை செல்சியசில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் எழும்பாது, இனிப்பும் அமுங்கிவிடும். கசப்பும் மரத்தின் துவர்ப்பும் மட்டும் தனியே நிற்கும். இந்தப் பியருக்குப் பொருந்துவது 12 முதல் 15 பாகை. பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலைத் திறக்காமல் மேசையில் வைத்து அரை மணித்தியாலம் பொறுங்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் 15 நிமிடமே போதும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்தி, குளிராக ஒருமுறை, கொஞ்சம் சூடேற ஒருமுறை, பிறகு இன்னொருமுறை ருசியுங்கள். முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

மூக்கைச் சுடுகிறது, சாராயம் போல

இது மேலே சொன்னதின் மறுபக்கம். நம் அறை 32 பாகையில் இருக்கும்போது கிளாஸ் விறுவிறு என்று சூடேறும். 20 பாகையைத் தாண்டினால் மதுசாரம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஒருவருக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். மீதிப் போத்தலை ஈரத்துணி சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் ஈரத்துணி நன்றாக வேலை செய்யும். வாடைக்கால ஈரத்தில் அது பெரிதாக உதவாது, பிரிட்ஜுக்குள்ளேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

14 பாகையிலும் சுடுகிறதா? அப்போது என்ன மணம் என்று கவனியுங்கள். விஸ்கியின் இனிமையோடு நெஞ்சில் மெல்லச் சூடு பரவினால் அது பீப்பாய் தந்தது, குறை அல்ல. தொண்டையில் கீறுவது போல இருந்தால் காய்ச்சும்போது ஈஸ்ட் கூடிய சூட்டில் வேலை செய்திருக்கும். கியூட்டெக்ஸ் மணம் வந்தால் எதைல் அசற்றேற்று. அது கொஞ்சமாக இருந்தால் பழ மணம் போலத் தோன்றும், கூடினால் பீப்பாய்க்குள் காற்றும் கிருமியும் சேர்ந்துவிட்டன என்று பொருள். அப்படியானால் அடுத்ததாகப் புளிப்பைத் தேடுங்கள். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

நுரை நிற்கவில்லை

கவலைப்படாதீர்கள். மதுசாரம் கூடினால் நுரை நிற்காது. மாதக்கணக்கில் மரத்தில் கிடந்த பியருக்கு வாயுவும் குறைவு. பிஜேசிபி என்ற பியர் நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 புள்ளி: மணத்துக்கு 12, ருசிக்கு 20, வாயில் உணர்வதற்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3.

ஆனால் ஊற்றிய உடனே ஒரு குமிழிகூட இல்லாமல் செத்துவிட்டால் கிளாஸைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் பட்ட துணியால் துடைத்த கிளாஸில் எந்த நுரையும் நிற்காது. கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் முழுதாக வழியாமல் துளித்துளியாக ஒட்டி நின்றால் எண்ணெய் இருக்கிறது. இன்னொன்று, வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் கல். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு கிளாஸிலும் இருக்கும். தேசிக்காய் தேய்த்து, கொதித்தாறிய தண்ணீரால் அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

புகை மணம், மருந்து மணம்

முதலில் நுளம்புத்திரியை அணையுங்கள். சொல்லப்போனால் முதல் போத்தல் திறக்க அரை மணித்தியாலத்துக்கு முன்னரே அணையுங்கள். முற்றத்தில் வேப்பிலைப் புகை போட்டிருந்தால் உள்ளே போய் இருங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வன்னியில் புகை இல்லாமல் எதையும் மணப்பது கடினம். நான் இப்போது ருசி பார்ப்பதைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டேன். என் மூக்கும் அப்போதுதான் கூர்மையாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் மெல்லிய புகை, அடுப்பில் விறகு அணைந்த பிறகு வருவது போல இருந்தால், அது கருக்கிய பீப்பாயிலிருந்தோ கருக வறுத்த மோல்டிலிருந்தோ (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வந்தது, நல்லது. கராம்பு மணமும் ஓக்கில் இயல்பு. பற்பசையில் வரும் அதே கராம்புச் சத்து ஓக் மரத்திலும் உண்டு. ஆஸ்பத்திரி வார்ட்டின் மணம் என்றால் குளோரீன். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரீன் போட்டிருந்தால் கிளாஸ் கழுவிய தண்ணீரிலேயே அது இருக்கும். வேறு தண்ணீரில் அலசி மறுபடி ஊற்றிப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால்தான் குறை பியருக்குள் இருக்கிறது.

புளிக்கிறது

கூடிய நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். "புளிப்பு" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது குறைந்தது மூன்று வெவ்வேறு சங்கதிகள்.

ஒன்று, கோப்பிப் புளிப்பு. கருக வறுத்த தானியம் தானாகவே அமிலமானது. ஆறிப்போன வெறுங்கோப்பியில் இருக்கும் அந்தக் கூர்மை ஸ்டவுட்டிலும் இருக்கும். பக்கத்தில் வைத்த லயன் ஸ்டவுட்டைக் குடித்துப் பாருங்கள். அதிலும் அதே கூர்மை இருந்தால் இது குறை அல்ல.

இரண்டு, தயிர்ப் புளிப்பு. மூக்கில் பெரிதாகத் தெரியாது, கடைவாயில் நீர் ஊறும். இது லக்டோபசிலஸ் பற்றீரியாவின் வேலை. மரத்தின் நுண்துளைகளுக்குள் இந்தக் கிருமிகள் ஒளிந்திருக்கும், கழுவி எடுப்பது லேசல்ல. 12 வீத மதுசாரத்தில் எதுவும் பிழைக்காது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. கூஸ் ஐலண்டின் 2015ஆம் ஆண்டுப் பீப்பாய் பியர்களில் சில இப்படித்தான் புளித்தன. மதுசாரத்தைத் தாங்கும் லக்டோபசிலஸ் வகை ஒன்று அதில் இருந்தது. நிறுவனமே அதைச் சொல்லி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டிலிருந்து பியரைச் சூடாக்கிக் கிருமி நீக்கத் தொடங்கியது. பெரிய இடத்துக்கே வந்த வினை இது. சின்ன இடத்தில் காய்ச்சிய போத்தலில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்று, வினாகிரிப் புளிப்பு. இதை வன்னிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறக்கிய பனங்கள்ளை நினைத்துப் பாருங்கள். காலையில் இனிப்பும் நுரையும். பின்னேரம் நாக்கைச் சுண்டும். மூடாமல் இன்னும் சில நாள் விட்டால் மூக்கை உயர்த்த வைக்கும் வினாகிரி. அந்தக் கடைசி நிலைக்குக் காற்று வேண்டும், ஏனென்றால் மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்கும் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாமல் முடியாது. பீப்பாய்க்குள் பியர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மேலே வெற்றிடம் விழும், மரத்தின் வழியாகக் காற்றும் மெல்ல உள்ளே போகும். காய்ச்சியவர் கவனிக்காமல் விட்டால் அதே கள்ளின் கதை ஒரு வருடத்தில் நடக்கும். சும்மா மணந்தாலே தெரியும், குடிக்கத் தேவையில்லை.

கள்ளு குடித்துப் பழகிய நாக்குக்கு ஒரு நன்மை இருக்கிறது. தவறணையில் இருக்கும் வயதானவர் ஒரு மிடறிலேயே "இது நேற்றையது" என்பார். புளிப்பின் படிகளை அவ்வளவு நுணுக்கமாக அறிந்தவரிடம் இந்தப் பியரில் கொஞ்சம் கொடுத்துக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, பேர்பன் எது ஓக் எது என்று தெரியாத ஒருவர், நான் கோப்பிப் புளிப்பு என்று விட்டதைத் தயிர்ப் புளிப்பு என்று திருத்தினார். மறுபடி ருசித்தேன். அவர் சொன்னதே சரி.

புளிப்போடு மாட்டுக்கொட்டில், வியர்த்த தோல் மணம் வந்தால் பிரெற்றனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். 1904இல் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் கிளவுசன் என்பவர் இதை இங்கிலாந்தின் முதிர்ந்த பியர்களிலிருந்துதான் அடையாளம் கண்டார். அக்காலத்தில் மரத்தில் நெடுநாள் கிடந்த ஸ்டவுட்டில் இந்த மணம் சாதாரணம். ஆகவே லேபிளைப் படியுங்கள். வேண்டுமென்று சேர்த்ததாகச் சொல்லியிருந்தால் அது அந்தப் பியரின் இயல்பு. சொல்லாவிட்டால் தொற்று.

நனைந்த மட்டை, அல்லது சோயா சோஸ்

போத்தல் வந்த வழியைக் கேளுங்கள். காய்ச்சுபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 பாகையில் 3 நாள் கிடப்பதும், 22 பாகையில் 30 நாள் கிடப்பதும், 3 பாகையில் 300 நாள் கிடப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு பழசாக்கும். 32 பாகை என்பது நமக்குச் சாதாரண மத்தியானம். குளிர்நாட்டில் நிலவறைக்குள் ஐந்து வருடம் வைத்து முதிர வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கே அலுமாரிக்கு மேலே ஐந்து வருடம் வைப்பது வேறு கதை.

நானே இதைச் செய்து பார்த்தேன். ஒரே பெட்டியில் வந்த இரண்டு போத்தல். ஒன்று பிரிட்ஜின் அடித்தட்டில், மற்றது தகரக் கூரைக்குக் கீழே அறை மூலையில், ஒரு வருடம். இரண்டையும் ஒரே நாளில் திறந்தோம். பிரிட்ஜில் இருந்தது பேரீச்சம்பழமும் சொக்லேட்டும். கூரைக்குக் கீழே இருந்ததில் முதலில் மழையில் நனைந்த காட்போட் பெட்டி, பிறகு சோயா சோஸ். வனிலா முழுதாகப் போய்விட்டிருந்தது. மரத்தின் நல்ல மணங்களும் சூட்டில் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள். கனத்த கறுப்பு பியரில் கொஞ்ச ஒட்சியேற்றம் அழகுதான். முந்திரிகை வற்றல், பழைய ஷெரி வைன் போன்ற மணம் வந்தால் அது நல்ல முதுமை. மட்டை, உப்புக் கலந்த சோயா, வேகவைத்த இறைச்சி மணம் வந்தால் கெட்ட முதுமை. சோயாவும் இறைச்சியும் போத்தலின் அடியில் செத்த ஈஸ்ட் கரைந்ததாலும் வரும். ஊற்றும்போது அடிமண்டியைக் கலக்காமல் விட்டால் பாதி குறையும்.

போத்தல் கைக்கு வந்ததும் நேரே பிரிட்ஜுக்கு, நிமிர்த்தி வையுங்கள். இடமில்லாவிட்டால் வீட்டின் நடு அறையில் சீமெந்து நிலத்தோடு, வெளிச்சம் படாத மூலையில். அப்படி வைத்தால் ஒரு சில கிழமைக்குள் குடித்துவிடுங்கள். தைப்பொங்கலுக்கு வந்ததை வருசப் பிறப்புக்கென்று வைக்க வேண்டாம்.

நாக்கு இழுக்கிறது, பலகையைக் கடித்தது போல

துவர்ப்பையும் கசப்பையும் முதலில் பிரியுங்கள். கசப்பு ஒரு ருசி. துவர்ப்பு தொட்டு உணர்வது. விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் தேயுங்கள். சொரசொரவென்று இருந்தால் துவர்ப்பு. ஓக்கிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்து வழுவழுப்பை எடுத்துவிடுகிறது. நாவற்பழமும் கடும் சாயத் தேத்தண்ணியும் செய்வது இதேதான். கொஞ்சம் இருப்பது நல்லது, அது இல்லாவிட்டால் இவ்வளவு இனிப்பான பியர் தொண்டையில் திரண்டு நிற்கும்.

துவர்ப்பு கூடி, அதோடு அரிவு ஆலையில் மரத்தூள் பறக்கும்போது வரும் பச்சை மணமும் வந்தால், மரம் போதியளவு காயாமல் பீப்பாயாகியிருக்கலாம், அல்லது பீப்பாய்க்குப் பதிலாக மரத்துண்டுகளைப் போட்டு அவசரப்படுத்தியிருக்கலாம். பச்சை முதிரையில் கதவு செய்தால் என்ன ஆகும் என்று எந்த ஆசாரியாரும் சொல்வார். ஓக் பலகையையும் திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் அடுக்கி வைத்த பிறகுதான் நல்ல பீப்பாய் செய்கிறார்கள். மழை கழுவக் கழுவக் கடும் தனின் குறையும். கிளாஸில் இதற்கு மருந்து இல்லை. ஆனால் உப்பும் கொழுப்பும் உள்ள எதையாவது, ஒரு துண்டு சீஸோ வறுத்த கச்சானோ, கூட எடுத்தால் நாக்கு இளகும்.

தேங்காய் மணம் பற்றி ஒரு சொல். "இதுக்குள்ள தேங்காய்ப்பூ போட்டிருக்கிறாங்கள்" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் போடவில்லை. ஓக்கிலுள்ள லக்டோன் என்ற பொருளின் மணமே அதுதான், அமெரிக்க ஓக்கில் ஐரோப்பிய ஓக்கைவிடக் கூட. நம் தென்னஞ் சாராயத்தையும் ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிர வைக்கிறார்கள், அது ஓக் அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்து மணந்து பார்த்தால் மரத்துக்கு மரம் குணம் மாறுவது விளங்கும்.

திறந்ததும் பொங்குகிறது

பயணத்தில் குலுங்கியிருந்தால் ஒரு முழு நாள் நிமிர்த்திக் குளிரவைத்துத் திறங்கள். அப்படியும் பொங்கினால், ருசியும் மெலிந்து இனிப்பில்லாமல் இருந்தால், போத்தலுக்குள் காட்டு ஈஸ்ட் மீதிச் சீனியைத் தின்றிருக்கிறது. அதே தொகுதியில் இன்னொரு போத்தல் இருந்தால் வெக்கையில் விடாதீர்கள். வெடிக்கும். உடனே குளிரவைத்து, துணி சுற்றித் திறங்கள்.

மிச்சம் சில

திகட்டும் இனிப்பு: பெரும்பாலும் அந்தப் பியரே அப்படித்தான். கிளாஸைச் சிறிதாக்கி, இரண்டு பாகை குளிர்த்துங்கள். மாஜரின் மணமும் நாக்கில் வழுக்கலும்: டயசிற்றைல், நொதித்தல் முடிய முன்னர் அவசரப்பட்டது. இரும்பு, கைப்பிடி ஆணி மணம்: மூடி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சவர்க்கார மணம்: கிளாஸ்.

முதல் கிளாஸில் இருந்தது இரண்டாவதில் இல்லை

பியர் மாறவில்லை, உங்கள் நாக்கு களைத்துவிட்டது. 11 வீதப் பியரில் மூன்று வகைக்கு மேல் ஒரே இருப்பில் எனக்குப் பிரித்தறிய முடிவதில்லை, மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று கண்டிருக்கிறேன். இடையில் வெறும் பாண் துண்டும் தண்ணீரும். உறைப்புக் கறியும் வெற்றிலையும் பீடியும் எல்லாம் முடிந்த பிறகு. ஒவ்வொருவரும் பேசாமல் முதலில் எழுதட்டும், பிறகு வாசிக்கலாம். வீட்டில் மூத்தவர் "கோப்பி" என்று சொல்லிவிட்டால் சுற்றியிருக்கிற எல்லாருக்கும் கோப்பிதான் மணக்கும். எழுதும்போது லேபிளில் உள்ள சொற்களைப் பிரதி பண்ணாமல் உங்கள் குசினியில் உள்ள சொற்களை எழுதுங்கள். பனாட்டு என்று எழுதினால் அடுத்த வருடம் வாசிக்கும்போது அந்த மணம் அப்படியே நினைவில் வரும். நான் ஒருமுறை "பாலைப்பழம் கனிந்து நிலத்தில் கிடப்பது" என்று எழுதி வைத்தேன். அந்தப் பியர் எது என்று பெயர் பார்க்காமலே இன்றும் சொல்வேன்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் கடைசிக் கிளாஸைக் கழுவ வேண்டாம். எறும்பு வராமல் ஒரு சோசரில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கிளாஸை நிறுத்தி, மேலே ஒரு மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். விடிந்ததும் துணியை எடுத்து மணந்து பாருங்கள். மதுசாரம் போய்விட்டிருக்கும், அடியில் காய்ந்த கறுப்புப் படிவு மட்டும் இருக்கும். வனிலாவும் தேங்காயும் கருகிய சீனியும் வந்தால் பீப்பாய் நல்லது. வினாகிரி வந்தால் இரவு நீங்கள் சந்தேகப்பட்டது சரி.